கணக்கில் வராததையும் கணக்கெடுத்த ஆடிட்டர்: ஜே.சி.குமரப்பா



ஒவ்வொரு மாதமும் மெயின்டனன்ஸ் கணக்கு உங்கள் கைக்கு வருகிறது. தண்ணீர் லாரிக்கு இவ்வளவு, பொது மின்சாரத்துக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் டீசலுக்கு இவ்வளவு, குப்பை எடுப்பதற்கு இவ்வளவு என்று பைசா சுத்தமாக இருக்கும். ஆனால் போர்வெல்லிலிருந்து எத்தனை லிட்டர் எடுத்தோம், மழைக்காலத்தில் எத்தனை லிட்டரை மண்ணுக்குத் திருப்பிவிட்டோம் என்று அதில் ஒரு வரியும் இருக்காது. நம் சமையலறையிலிருந்து போன வாழைப்பழத் தோலும் கீரைத் தண்டும் எந்த ஊரில் போய் நாறுகின்றன என்பதும் இருக்காது.

இந்த விடுபட்ட வரிகளுக்காகவே தன் வாழ்நாளைக் கொடுத்தவர் ஒரு தமிழர். லண்டனில் கணக்கியல் படித்து பம்பாயில் சொந்த நிறுவனம் நடத்திய ஆடிட்டர். ஜே.சி.குமரப்பா என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். காந்தியப் பொருளாதார அறிஞர் என்ற ஒரு வரிக்குமேல் அவரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. வீட்டையும் தோட்டத்தையும் இயற்கைக்குக் கேடில்லாமல் நடத்த நினைக்கும் யாரும் அவரைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

தஞ்சாவூரிலிருந்து லண்டனுக்கு

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். வீட்டில் ஒழுங்கும் நேரம் தவறாமையும் கண்டிப்பாக இருந்தன. பிற்காலத்தில் குமரப்பாவோடு வேலை செய்தவர்கள் அவருடைய கண்டிப்புக்குப் பயப்பட்டார்கள் என்றால், அதன் வேர் அந்த வீட்டில் இருந்தது.

லண்டன் சென்று கணக்கியல் படித்தார். அங்கேயே தணிக்கையாளராக வேலையும் பார்த்தார். பழக்கவழக்கம், உடை, சாப்பாடு எல்லாமே ஆங்கிலேயர் பாணி. தாயார் அழைத்ததால் 1919-ல் நாடு திரும்பி பம்பாயில் தணிக்கை நிறுவனம் தொடங்கினார். தொழில் நன்றாகவே நடந்தது. அப்படியே இருந்திருந்தால் வசதியான ஒரு பம்பாய் ஆடிட்டராக அவர் கதை முடிந்திருக்கும்.

1927-ல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தபின் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது குறித்து ஒரு தேவாலயத்தில் அவர் பேசிய பேச்சு பத்திரிகையில் வெளியானது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வாகச் செய்யச் சொன்னார். ஆங்கிலேய அரசின் வரவு செலவைப் புரட்டப் புரட்ட, ஒரு நாட்டின் வறுமை எப்படிக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளிந்திருக்க முடியும் என்பது அவருக்குப் புரிந்தது. வரி ஏழை உழவனிடமிருந்து வருகிறது, செலவோ அவனுக்குத் துளியும் பயன்படாத இடங்களுக்குப் போகிறது. எங்கிருந்து எடுக்கிறோம், எங்கே கொடுக்கிறோம் என்ற இந்தக் கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை.

சாணம் மெழுகிய தரையில் ஒரு சந்திப்பு

ஆய்வை நூலாக வெளியிடும் எண்ணத்தில் 1929 மே 9-ம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குக் காந்தியைப் பார்க்கப் போனார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். கைத்தடியை ஊன்றி நின்று அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அவர்தான் காந்தி என்பது அவராகவே பேச்சுக்கொடுத்த பிறகுதான் தெரிந்தது. தேய்த்து மடிப்புக் கலையாத ஆங்கில உடையோடு குமரப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

அதன்பின் கொர்னேலியஸ் என்பதை விட்டு, முன்னோர் வழிப் பெயரான குமரப்பாவை வைத்துக்கொண்டார். கதர் உடுத்தினார். பம்பாய்த் தொழிலைக் கைவிட்டார். அவருடைய ஆய்வு காந்தியின் யங் இந்தியா இதழில் தொடராக வந்தது.

காந்தி அவருக்குக் கொடுத்த முதல் வேலை கிராமக் கணக்கு. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் தாலுகாவில் குஜராத் வித்யாபீட மாணவர்களோடு ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் வரவு, செலவு, கடன், நிலம், மாடு எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். அதுவரை அவர் தணிக்கை செய்தவை கம்பெனிகள். இப்போது குடிசைகளைத் தணிக்கை செய்தார்.

காந்திக்கும் கணக்கு ஒன்றுதான்

சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய் வந்தவரை, 1934-ல் பீகாரில் ஏற்பட்ட பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரண நிதிக் கணக்கைப் பார்க்க அழைத்தார்கள். தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்குச் சில அணாக்கள்தான் என்று குமரப்பா உச்சவரம்பு வைத்திருந்தார். காந்தியும் உடன் வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்களுடைய சாப்பாட்டுச் செலவும் கார் செலவும் நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டார். மக்கள் துயரத்துக்காக வந்த பணம் அது. காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார்.

குடியிருப்போர் சங்கத்தில் பொருளாளராக இருந்தவர்களுக்கு இந்தச் சம்பவத்தின் கனம் தெரியும். வேண்டியவரிடம் இல்லை என்று சொல்வதுதான் கணக்கு வேலையிலேயே கஷ்டமானது.

மகன்வாடி: ஒரு தோட்டம் முழுக்கச் சோதனைகள்

அதே 1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. காந்தி அதன் பொறுப்பைக் குமரப்பாவிடம் கொடுத்தார். வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் தந்த பழத்தோட்டமும் கட்டடமும்தான் தலைமையகம். காந்தியின் உறவினரும் நெருங்கிய சகாவுமான மகன்லால் காந்தியின் நினைவாக அதற்கு மகன்வாடி என்று பெயர். 1936 வரை காந்தியும் அங்கேதான் தங்கினார்.

அங்கே நடந்தவற்றைப் பார்த்தால், இன்று நாம் புதிதாகப் பேசும் பல விஷயங்கள் அப்போதே பழக்கத்தில் இருந்தது தெரியும்.

அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லில் தீட்டி வெள்ளையாக்கும்போது தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது, நெல் குத்திப் பிழைத்தவர்களின் வேலையும் போகிறது. அதனால் கைக்குத்தல் அரிசியை வற்புறுத்தினார்கள். நல்ல நிலத்தையும் நிறையத் தண்ணீரையும் கரும்புக்குக் கொடுப்பதைவிட, யாரும் நீர் ஊற்றாத தரிசில் தானாக நிற்கும் பனையிலிருந்து வெல்லம் எடுத்தால் அந்த நிலம் உணவுப் பயிருக்கு மிஞ்சும் என்றார் குமரப்பா. நம் வீட்டுக் கருப்பட்டிக்குப் பின்னால் இப்படி ஒரு நிலக் கணக்கு இருக்கிறது.

விளக்குக்கு மண்ணெண்ணெய் வெளியிலிருந்து வர வேண்டும். அதற்குப் பதிலாக, ஊரிலேயே விளையும் வித்துக்களின் எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கை உருவாக்கினார்கள். பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் காப்பாற்றப் புகையில்லா அடுப்பைச் செய்தார்கள். செக்கு ஆட்டினார்கள், கையால் காகிதம் செய்தார்கள், சோப்பு செய்தார்கள். தேனீ வளர்த்தார்கள். தேனீயால் தேன் மட்டுமா கிடைக்கிறது, சுற்றியுள்ள தோட்டத்தில் மகரந்தம் சேர்ந்து காய்ப்பும் கூடுகிறது.

கழிவை அங்கே யாரும் கழிவு என்று விட்டுவிடவில்லை. சமையலறைக் கழிவு, சருகு, சாணம், மனிதக் கழிவு எல்லாம் மண்ணோடு சேர்ந்து உரமாகித் தோட்டத்துக்குத் திரும்பின. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குக் கொடுக்காவிட்டால் அது கடன். வட்டியோடு ஒரு நாள் திருப்பிக் கேட்கும். குமரப்பா சாணத்தை வறட்டியாக எரிப்பதற்கும் ரசாயன உரத்துக்கும் எதிராகப் பேசியதன் காரணம் இதுதான்.

சிறையில் எழுதிய புத்தகம்

1942 போராட்டத்தை ஒட்டி மீண்டும் சிறை. ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதிய நூல்தான் ‘எகானமி ஆஃப் பர்மனன்ஸ்’. நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்று தமிழில் சொல்லலாம். 1945-ல் வெளிவந்தது. சுற்றுச்சூழல் என்ற சொல்லே மக்கள் பேச்சில் இல்லாத காலம் அது.

அதில் அவர் இயற்கையைப் பார்த்து, வாழும் முறைகளை ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படி ஒட்டுண்ணி. தான் ஒட்டியிருக்கும் உயிரையே உறிஞ்சிக் கொல்வது. இரண்டாவது, குரங்கு மாந்தோப்பில் புகுந்து தின்பது போன்றது. மரத்தைக் கொல்லவில்லை, ஆனால் அந்தத் தோப்புக்கு அது எதுவும் செய்ததும் இல்லை. மூன்றாவது, பறவை தன் உழைப்பில் கூடு கட்டி அதில் வாழ்வது. நான்காவது, தேனீ தன் கூட்டம் முழுமைக்கும் சேர்த்து உழைப்பது. ஐந்தாவது, தாய்ப்பறவை பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுவது.

இதில் நம் அபார்ட்மென்ட் எந்தப் படியில் இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அரிசி, காய், பால், மின்சாரம் எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன. கோடையில் லாரித் தண்ணீர் ஏதோ ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்து வருகிறது. குப்பை வெளியே போகிறது. சென்னையின் குப்பை பல ஆண்டுகளாகக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியையே விழுங்கியது. காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம் என்று நாம் சொல்லலாம். குமரப்பா அந்தப் பதிலை ஒப்புக்கொள்ள மாட்டார். தோப்புக்கு என்ன திரும்பிப் போனது என்றுதான் கேட்பார். உண்மையைச் சொன்னால் நாம் இரண்டாவது படியில்தான் இருக்கிறோம், சில கோடைகளில் முதல் படிக்கே இறங்கிவிடுகிறோம்.

அவர் சொன்ன இன்னொரு வேறுபாடும் வீட்டுக்கு உதவும். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை தேங்கியிருக்கும் சேமிப்பு. எடுக்க எடுக்கக் குறையும், குறையக் குறையச் சண்டை வரும். வெயில், மழை, மரம், பயிர் போன்றவை ஓடிக்கொண்டே இருக்கும் வருமானம். அளவோடு எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். சம்பளத்தில் குடும்பம் நடத்துவதற்கும் பிக்சட் டெபாசிட்டை உடைத்துச் சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

தோற்றுப்போனவர்

சுதந்திரம் வந்தபின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். 1949-ல் அறிக்கை கொடுத்தார். ஆனால் நாடு பெரிய அணை, பெரிய ஆலை, டிராக்டர், ரசாயன உரம் என்று வேறு வழியில் போனது. குமரப்பா விட்டுக்கொடுத்துப் பேசத் தெரியாதவர். பழைய நண்பர்கள் மந்திரிகளான பிறகும் அவர்களை நேராகக் கண்டித்தார். மெல்ல மெல்ல ஒதுங்கினார், ஒதுக்கப்பட்டார் என்றும் சொல்லலாம்.

வார்தாவுக்கு அருகே செல்டோ கிராமத்தில் பண்ணை ஆசிரமம் என்று ஒன்றைத் தொடங்கி, தான் எழுதியதை வயலில் செய்துபார்க்க முனைந்தார். உயர் ரத்த அழுத்தம் அவரை விடவில்லை. 1950-களின் நடுவில் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளாதவர். சிறு குடில், சில புத்தகங்கள், கொஞ்சம் துணி. அவர் குடிலில் காந்தியின் படமும் ஒரு ஏழைக் கிராமவாசியின் படமும் இருந்தனவாம். காந்தி தனக்கு எஜமானர் என்றும், அந்தக் கிராமவாசி தன் எஜமானருக்கே எஜமானர் என்றும் வந்தவர்களிடம் விளக்குவார் என்பார்கள்.

1960 ஜனவரி 30-ம் தேதி மதுரை அரசு மருத்துவமனையில் காலமானார். காந்தி இறந்ததும் ஒரு ஜனவரி 30-ல்தான்.

அவர் கேட்டதில் பெரும்பகுதி நடக்கவில்லை. ஆனால் நிலத்தடி நீர் இறங்கியபோதும், குப்பை மலை தீப்பிடித்துப் புகைந்தபோதும், மண் உரத்துக்கு மேல் உரம் கேட்டபோதும், அவர் எச்சரித்த கடன்தான் வசூலுக்கு வந்தது.

நம் மாடியில் எது முடியும்?

குமரப்பா வாழ்ந்தபடி நாம் வாழ முடியாது. மூன்றாவது மாடியில் மாடு கட்ட முடியாது, லிஃப்டை நிறுத்திவிட்டு மகன் தீபம் ஏற்றவும் முடியாது. ஆனால் அவருடைய இரண்டு கேள்விகளை ஒவ்வொரு வீடும் கேட்கலாம். இது எங்கிருந்து வருகிறது? நம்மைத் தாண்டி எங்கே போகிறது?

முதலில் சமையலறை. மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான வீட்டுக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன. பிரித்த மக்கும் குப்பையை வெளியே அனுப்பாமலே உரமாக்கலாம். அடியில் ஓட்டை உள்ள ஒரு மண் தொட்டி அல்லது பழைய பெயின்ட் பக்கெட் போதும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு அல்லது தென்னை நார்த்தூள், மேலே ஒரு கைப்பிடி பழைய உரம் அல்லது புளித்த மோர். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், இன்னும் கொஞ்சம் சருகைப் போட்டுக் கிளறுங்கள். வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு, மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுப்பாகிவிடும். நம் வளாகத்தில் தினமும் கூட்டிக் குப்பையோடு அனுப்பும் வேப்பஞ்சருகு இதற்கு அருமையான சரக்கு.

அந்த உரம் போகவேண்டிய இடம் பால்கனித் தொட்டி. கீரை, கறிவேப்பிலை, துளசி, வெண்டை, பிரண்டை ஆகியவற்றில் எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஒரு தொட்டிக் கீரையால் குடும்பச் செலவு பெரிதாகக் குறையாது. ஆனால் தோலாகப் போனது இலையாகத் திரும்பி வருவதைப் பார்க்கும் குழந்தைக்கு வேறு பாடம் தேவையில்லை. பூச்சிமருந்து அடிக்காமல் விட்டால் தேனீயும் வரும்.

அடுத்தது தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 500 சதுர மீட்டர் மொட்டை மாடி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரிகளில் 58. இதில் ஒரு பகுதி வீணாகப் போனாலும் மிச்சம் பெரியது. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. குழாய் இருப்பது பெரிதில்லை. மழைக்கு முன்னால் மாடியைக் கூட்டி, வடிகட்டியையும் குழியையும் சுத்தம் செய்தோமா என்பதுதான் கேள்வி.

கடைசியாக, கடைக்குப் போகும்போது துணிப்பை, எண்ணெய்க்குச் செக்கு, சர்க்கரைக்குப் பதில் முடிந்தபோது கருப்பட்டி. எல்லாம் சிறு விஷயங்கள். ஆனாலும் நாம் கொடுக்கும் காசு பனையேறியிடமும் செக்குக்காரரிடமும் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதும் குமரப்பாவின் கணக்கில் ஒரு வரி.

ஒரு யோசனை. அடுத்த மூன்று மாதத்துக்கு நம் மெயின்டனன்ஸ் கணக்கின் கீழே நான்கு வரிகள் சேர்ப்போம். வெளியிலிருந்து வாங்கிய தண்ணீர் எத்தனை லிட்டர், மண்ணுக்குள் விட்ட மழைநீர் எத்தனை லிட்டர், வெளியே அனுப்பிய குப்பை எத்தனை கிலோ, வளாகத்திலேயே உரமானது எத்தனை கிலோ. தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டி வைத்தால் எல்லோரும் பார்ப்போம். உங்கள் வீட்டில் உரத் தொட்டி வைத்திருந்தால், அல்லது வைக்க விருப்பம் இருந்தால், பிளாட் எண்ணோடு சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். சருகு மூட்டைகளை இனி குப்பை வண்டியில் ஏற்றாமல் உங்களுக்கு எடுத்துவைக்கச் சொல்கிறோம்.